ஏர்போர்ட் போக எங்கே இறங்கணும்?

வாசகர் கேள்வி – பதில்

சென்னை விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை ஆசிரியர் ஒரு கட்டாகக் கொடுத்து, "நீங்களே பதில் எழுதுங்க மேடம்" என்றார். செக்-இன் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலத்தை ஓட்டியவள் நான். வீடு குரோம்பேட்டை, வேலைக்குப் போனதும் வந்ததும் மின்சார ரயிலில். விமானத்தைத் தவறவிட்டு என் முன்னால் வந்து நின்றவர்களில் பாதிப் பேர் ஊரிலிருந்து நல்ல நேரத்துக்குக் கிளம்பியவர்கள்தான். கோட்டை விட்டது கடைசிப் பத்து கிலோமீட்டரில். அதனால் என் பதில்களும் அந்தப் பத்து கிலோமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும்.

என் அப்பா அம்மா அடுத்த மாதம் சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள். இரவு ரயிலில் எழும்பூர் வந்து, அங்கிருந்து டாக்ஸி பிடிக்கலாம் என்று இருக்கிறோம். விமானம் காலை பத்தரைக்கு. சரியாக வருமா?
– வாசகர், மயிலாடுதுறை

எழும்பூர் வரை எதற்குப் போகிறீர்கள்? உங்கள் ரயிலே விமான நிலையத்தைத் தாண்டித்தான் எழும்பூருக்குப் போகிறது. பல்லாவரம் கடந்ததும் இடது பக்க ஜன்னலில் பார்த்தால் ஜி.எஸ்.டி. சாலைக்கு, அதாவது தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போகும் நெடுஞ்சாலைக்கு, அந்தப் பக்கம் ஏர்போர்ட் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர் போய், அதே தூரத்தை டாக்ஸிக்குக் காசு கொடுத்துத் திரும்பி வருவானேன்? தாம்பரத்தில் இறங்கிவிடச் சொல்லுங்கள்.

இதில் ஒன்றிரண்டு விஷயம் இருக்கிறது. தாம்பரத்தில் ரயில் அதிக நேரம் நிற்காது. செங்கல்பட்டு தாண்டியதுமே பெட்டிகளைக் கதவுப் பக்கம் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். "எழும்பூர் வந்தா எழுப்பு" என்று பக்கத்து பெர்த்துக்காரரிடம் சொல்லிவிட்டுத் தூங்குகிற பழக்கம் இங்கே உதவாது. போனில் அலாரம் வைத்துக்கொள்ளட்டும்.

இறங்கிய பிறகு இரண்டு வழி. பெட்டி குறைவு, முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கும் என்றால் கடற்கரை போகிற மின்சார ரயிலில் ஏறலாம். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். அங்கே இறங்கினால் ஜி.எஸ்.டி. சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை. அந்தப் பக்கம் ஏறினால் விமான நிலையம். டிக்கெட் பத்து ரூபாயைத் தாண்டாது. எக்ஸ்பிரஸ் டிக்கெட்டையே காட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். மின்சார ரயிலுக்குத் தனியாக எடுக்க வேண்டும். விடிகாலையில் வண்டி காலியாக இருக்கும். ஏழரை மணிக்கு மேல் என்றால் அலுவலகக் கூட்டம், பெட்டியோடு உள்ளே நுழைவதே பெரிய காரியம்.

ஆனால் வயதானவர்கள், ஆளுக்கு இரண்டு பெட்டி, அதில் ஒன்றில் ஊறுகாயும் இட்லிப் பொடியும் நிரம்பி இருபத்து மூன்று கிலோ என்று எனக்குத் தெரியாதா? அவர்களைச் சுரங்கப்பாதைப் படியில் இறக்கி ஏற்ற வேண்டாம். தாம்பரத்திலிருந்தே டாக்ஸி வைத்துவிடுங்கள். எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான். டாக்ஸி பதிவு செய்யும்போது 'தாம்பரம் மேற்கு' வாசலைக் கொடுங்கள். மேற்கு வாசல்தான் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம். கிழக்கு வாசலில் நின்றுகொண்டு டிரைவரை வரச் சொன்னால், அவர் தண்டவாளத்தைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் உங்கள் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும்.

பத்தரை மணி விமானம் என்றால் ஏழரைக்கு உள்ளே இருந்தால் நல்லது. தெற்கேயிருந்து வரும் இரவு ரயில்கள் பெரும்பாலும் விடிகாலையிலேயே தாம்பரம் தொட்டுவிடும், நேரம் தாராளம். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானாலும் தாங்கும். மூன்று மணி நேரம் தாமதமானால் தாங்காது. எனக்கு அவர்கள் சொந்தக்காரர்கள் என்றால் முந்தின நாளே வந்து குரோம்பேட்டையில் படுத்து எழுந்து போகச் சொல்வேன்.

மீனம்பாக்கம் ஏர்போர்ட் என்கிறார்கள், திரிசூலம் என்கிறார்கள். எங்கேதான் இருக்கிறது?
– வாசகர், சிவகாசி

நீங்கள் இறங்க வேண்டியது மின்சார ரயிலில் திரிசூலம், மெட்ரோவில் 'விமான நிலையம்'. மீனம்பாக்கம் என்ற பெயரில் மின்சார ரயில் நிலையம் ஒன்றும் மெட்ரோ நிலையம் ஒன்றும் இருக்கின்றன. இரண்டிலும் இறங்கக்கூடாது.

பழைய முனையம் மீனம்பாக்கம் பக்கம்தான் இருந்தது. 1932 அக்டோபரில் டாடா நிறுவனத்தின் முதல் தபால் விமானம் கராச்சியிலிருந்து கிளம்பியதே, பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடா ஓட்டினார்; பம்பாயிலிருந்து சென்னைக்கு நெவில் வின்சென்ட் ஓட்டி வந்தார். அந்தக் காலத்திலிருந்தே ஊர் வாயில் மீனம்பாக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1980-களில் திரிசூலத்தில் புது முனையங்கள் கட்டி பயணிகளை இந்தப் பக்கம் மாற்றினார்கள். உள்நாட்டுக்குக் காமராஜர் பெயர், வெளிநாட்டுக்கு அண்ணா பெயர். இடம் மாறியது, பேச்சு மாறவில்லை. தாத்தா சொன்னதைக் கேட்டு மீனம்பாக்கத்தில் இறங்கி, டிராலி பெட்டியை ஜி.எஸ்.டி. சாலை ஓரமாக இழுத்துக்கொண்டு வியர்வையோடு வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

ஈரோட்டிலிருந்து சென்ட்ரல் வருகிறேன். பெங்காலில் தம்பி கல்யாணம், கொல்கத்தா விமானம் பிடிக்க வேண்டும். முதல் முறை மெட்ரோ. எந்த ரயிலில் ஏற வேண்டும், ஆலந்தூரில் மாற வேண்டுமா? கையில் குழந்தை வேறு.
– வாசகி, ஈரோடு

நீல வழித்தடத்தில் ஏறினால் எங்கேயும் மாற வேண்டாம். சென்ட்ரல் மெட்ரோ நிலையம் தரைக்குக் கீழே இருக்கிறது. நீலமும் பச்சையும் அங்கே சந்திக்கின்றன. 'விமான நிலையம்' என்று போட்டிருக்கும் நீல வழிக்கான நடைமேடையைப் பாருங்கள். அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை, கிண்டி வழியாகப் போகும். சின்னமலைக்கு முன்னால் பூமியிலிருந்து மேலே ஏறிவிடும், அதற்கப்புறம் குழந்தைக்கு வேடிக்கை. கடைசி நிலையமே ஏர்போர்ட் என்பதால் தூங்கிவிட்டாலும் தவறிப்போகாது. முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் போய்விடும்.

பச்சையில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படாதீர்கள். அது எழும்பூர், கோயம்பேடு, வடபழனி என்று ஊரைச் சுற்றிக்கொண்டு ஆலந்தூர் வரும். அங்கே இறங்கி நீலத்துக்கு மாறிக்கொள்ளலாம். நேரம்தான் கொஞ்சம் கூடப் போகும்.

மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய். சென்ட்ரலிலிருந்து டாக்ஸிக்குக் கொடுக்கும் காசில் உங்கள் தம்பிக்கு மொய்யே எழுதிவிடலாம். ஒரே ஒரு கணக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணி வரைதான். ஏற்காடு எக்ஸ்பிரஸ் மாதிரி இருட்டோடு சென்ட்ரலில் கொண்டுவந்து விடுகிற ரயிலில் வந்தால், மெட்ரோ வாசல் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருந்து போனாலும் ஆறு மணிக்குள் ஏர்போர்ட்டில் இருப்பீர்கள்.

மெட்ரோ வாசலில் பெட்டியை ஸ்கேன் செய்வார்கள். பால் பாட்டில், டயப்பர் பை எல்லாம் ஒரே பையில் இருந்தால் எடுத்து வைக்கச் சுலபம். ஏர்போர்ட் நிலையத்தில் இறங்கியதும் முனையங்களுக்கு மேல்மட்ட நடைபாதை இருக்கிறது. அங்கேதான் நிதானம் வேண்டும். டி1, டி4 இரண்டும் உள்நாட்டு முனையம், டி2 வெளிநாடு. உள்நாட்டு விமானம் என்று மட்டும் தெரிந்தால் போதாது, டிக்கெட்டில் டி1-ஆ டி4-ஆ என்று ரயிலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தப்பான முனைய வாசலில் நின்றால் காவலுக்கு நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். ஆட்கள் உள்ளே விட மாட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு முனையத்துக்கு நடக்க வேண்டும். கொஞ்ச தூரம்தான், ஆனால் நேரமில்லாதபோது அது நீளும். கல்யாணத்துக்கு என் வாழ்த்து.

துபாய்க்கு டிக்கெட். 15-ஆம் தேதி 00:40 என்று போட்டிருக்கிறது. 15-ஆம் தேதி மதியம் திருவாரூரிலிருந்து காரில் கிளம்பினால் சரியாக இருக்குமா?
– வாசகர், திருவாரூர்

நிறுத்துங்கள்! நீங்கள் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி.

00:40 என்றால் 14-ஆம் தேதி ராத்திரி பன்னிரண்டு அடித்து நாற்பது நிமிடம். பன்னிரண்டு அடித்ததும் தேதி மாறிவிடுகிறது இல்லையா, அதனால் டிக்கெட்டில் 15 என்று இருக்கிறது. நம்ம ஊரில் விடிந்தால்தான் மறுநாள். விமானக் கம்பெனிக்கு நள்ளிரவிலேயே மறுநாள். இது புரியாதவர்கள் 15-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு குடும்பத்தோடு, மாலையும் கழுத்துமாக வந்து நிற்பார்கள். டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பேன். விமானம் நேற்றே போயிருக்கும். அந்தப் பையன் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும். மனைவியின் வளையலை வைத்து எடுத்த டிக்கெட்டாக இருக்கும். பெரும்பாலும் அந்த டிக்கெட்டுக்குக் காசும் திரும்பாது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு ஆச்சரியக்குறி போட்டேன். எனக்கு ஆச்சரியக்குறி பிடிக்காது.

சரி, 14-ஆம் தேதி. இரவு ஒன்பதரைக்கு உள்ளே இருக்க வேண்டும். திருவாரூரிலிருந்து காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வளைகுடா விமானங்களில் பல இப்படி நள்ளிரவை ஒட்டித்தான் போகும், வரும். அந்த நேரத்தில் மெட்ரோவும் இருக்காது, மின்சார ரயிலும் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். நடுராத்திரி விமானத்துக்கு நகருக்குள்ளிருந்து வருகிறவர்கள் மெட்ரோ ஓடும்போதே வந்து உட்கார்ந்துவிடலாம், அல்லது தெரிந்த டிரைவரை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்குச் செயலியில் வண்டி தேடிக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு நான் சொல்வது: ஒருவர் ஒத்துக்கொள்வார், "டிராப் எங்க சார்?" என்று கேட்பார், ரத்து செய்துவிடுவார். மூன்றாவது ஆள் வந்து சேரும்வரை நீங்கள் தெருமுனையில் நாயோடு நிற்க வேண்டும்.

மகனை அமெரிக்கா அனுப்ப வேன் பேசியிருக்கிறோம், பதினான்கு பேர். ராணிப்பேட்டையிலிருந்து எந்த வழி நல்லது? வேனை எங்கே நிறுத்துவது?
– வாசகர், ராணிப்பேட்டை

ஸ்ரீபெரும்புதூர் வரை பிரச்னை இல்லை, ஒரே நெடுஞ்சாலை. அதற்கப்புறம் ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். குன்றத்தூர், பம்மல் வழியாகப் பல்லாவரம் வருவது கிலோமீட்டரில் குறைவு. ஆனால் அது ஊருக்குள் ஊராகப் போகிற சாலை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வேன் மாட்டினால் மகன் இறங்கி நடந்து போக வேண்டியிருக்கும். போரூர், கத்திப்பாரா வழி வந்தால் கத்திப்பாரா மேம்பாலம் வரை போய்ச் சேர்வதுதான் பாடு, ஐ.டி. கம்பெனிகள் விடும் நேரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நான் என்றால் மதுரவாயல் பைபாஸில் ஏறி, பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து, தாம்பரம் வழியாக வருவேன். சுங்கம் கட்ட வேண்டும், தூரமும் கூட. ஆனால் தாம்பரம் பக்கமிருந்து வரும்போது ஏர்போர்ட் உங்கள் இடது கைப் பக்கமே வந்துவிடுகிறது, குழப்பம் இல்லை. தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே நெரிசல் இருக்கத்தான் செய்யும். காலை எட்டிலிருந்து பதினொன்று, மாலை ஐந்திலிருந்து ஒன்பது என்றால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேன் நிறுத்துவது: முனைய வாசலில் ஆளையும் பெட்டியையும் இறக்கிவிட்டு உடனே நகர வேண்டும். அங்கே நின்று ஆரத்தி எடுக்க, அத்தை ஒவ்வொருவராகத் திருநீறு பூச, பாட்டி ஒரு பாட்டம் அழ எல்லாம் இடம் இல்லை. பின்னால் பத்து கார் ஹாரன் அடிக்கும். அடுக்குமாடி கார் நிறுத்தம் ஒன்று 2022 டிசம்பரில் திறந்தார்கள், இரண்டாயிரம் காருக்கு மேல் நிற்கும். கட்டணம் மணிக்கணக்கில் ஏறும். உயரமான வேன் என்றால் உள்ளே போகுமா என்று டிரைவரை முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பயணி அல்லாதவர்கள் முனையத்துக்குள் போக முடியாது. கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைப்பதற்குப் பதினான்கு பேர் எதற்கு? அழுது முடிக்க வேண்டியதை வாலாஜாவிலோ காஞ்சிபுரத்திலோ ஒரு ஓட்டலில் காபி குடித்துக்கொண்டே முடித்துவிடுங்கள். ஏர்போர்ட்டுக்கு அப்பா, அம்மா, வேண்டுமானால் ஒரு மாமா. மாமா எதற்கு என்றால், எடை கூடிப்போய் பெட்டியிலிருந்து எடுத்துப் போடும் சாமான்களைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். முன்பெல்லாம் ஏர்போர்ட் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். இப்போது?
– வாசகர், தேவகோட்டை

அந்தக் காலம் போய்விட்டது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. நகரிலிருந்து பார்த்தால் வண்டலூர் மிருகக்காட்சி சாலை தாண்டி, அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான். ஏர்போர்ட்டுக்கு அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல்.

மாநகரப் பேருந்தில் ஏறினால், தாம்பரம், பல்லாவரம் வழியாகக் கிண்டிப் பக்கம் போகிற வண்டிகள் ஏர்போர்ட் நிறுத்தத்தில் நிற்கும். "ஏர்போர்ட் போகுமா?" என்று கேட்டு ஏறுங்கள், பைபாஸில் போகிற வண்டியும் உண்டு. இறங்கும் பக்கமே ஏர்போர்ட், சாலையைக் கடக்க வேண்டாம். கிண்டிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு நேரெதிர். அவர்கள் ரயில் நிலையப் பக்கம் இறங்கி சுரங்கப்பாதையில் வர வேண்டும். சாலையில் குறுக்கே ஓடி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியோடு. வேண்டாம்.

காலை நெரிசலில் வந்து சேர்ந்தால், தாம்பரம் வரை பேருந்து, அங்கிருந்து மின்சார ரயில் என்று மாறிக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் சிக்னல் கிடையாது என்று சொல்லவில்லை, ஆனால் குறுக்கே ஷேர் ஆட்டோ வராது. ஏர்போர்ட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோவை நீட்டப்போகிறார்கள் என்பது திட்டம். அதை நம்பி இப்போது டிக்கெட் போடாதீர்கள்.

கூகுள் மேப்பில் அடையாறிலிருந்து இருபத்தைந்து நிமிடம் என்று காட்டுகிறது. நீங்கள் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?
– வாசகர், அடையாறு

அது நீங்கள் பார்த்த நிமிடத்தின் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் படுத்துக்கொண்டு பார்த்தீர்களோ? திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாருங்கள். அதே வரைபடத்தில் புறப்படும் நாளையும் நேரத்தையும் போட்டுப் பார்க்க வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் சின்னமலை வரை ஆட்டோவில் போய் மெட்ரோவில் ஏறிக்கொள்ளுங்கள். அடையாறுக்காரர்களுக்கு அதைவிட நிம்மதி இல்லை.

இன்னொன்று. உள்நாட்டோ வெளிநாட்டோ, பெரும்பாலான நிறுவனங்கள் விமானம் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே செக்-இன் கவுண்டரை மூடிவிடும், சிலது அதற்கும் முன்பே. டிக்கெட்டில் எட்டு மணி என்று இருந்தால் உங்கள் கணக்கு ஏழில் முடிய வேண்டும். "இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கே மேடம்" என்று என்னிடம் வாதாடிய அத்தனை பேரும் அடையாறு, தி.நகர், அண்ணா நகர்க்காரர்கள். வெளியூர்க்காரர்கள் முந்தின நாளே வந்து வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

மழைக்காலத்தில் டிக்கெட் போட்டுவிட்டேன். நவம்பர் கடைசி. என்ன செய்ய?
– வாசகி, நாகர்கோவில்

சாதாரண மழைக்கு ஒன்றும் ஆகாது. புயல் அறிவிப்பு வந்தால்தான் கவலை. இரண்டாவது ஓடுபாதை அடையாறு ஆற்றின் மேல் பாலம் கட்டித்தான் போட்டிருக்கிறார்கள், தெரியுமா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதையே குளமாகி, நிலையத்தைச் சில நாட்கள் மூடிவிட்டார்கள். அரக்கோணத்தில் இருக்கும் கடற்படை விமான தளத்திலிருந்து பயணிகள் விமானம் விட்டார்கள். 'சென்னை ஏர்போர்ட்' போக அரக்கோணம் போக வேண்டியிருந்தது! 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலிலும் மூடினார்கள். மறுநாள் காலை திறந்தார்கள். அன்று மின்சார ரயில் நின்றுபோனது, மெட்ரோ ஓடியது. ஆனால் பரங்கிமலை மெட்ரோ நிலைய வாசலில் தண்ணீர் நின்று, ஆலந்தூர் போய் ஏறுங்கள் என்று சொன்னார்கள்.

ஆக, அந்த மாதிரி நாளில் வரிசை இதுதான்: முதலில் விமானம் போகிறதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள், அப்புறம் மெட்ரோ. பழவந்தாங்கல் சுரங்கப்பாதை மாதிரி ரயில் பாதைக்கு அடியில் போகிற வழி எதிலும் காரை இறக்காதீர்கள். எவ்வளவு ஆழம் என்று தெரியாத தண்ணீருக்குள் வண்டியை விடுவது டிரைவரின் வீரத்தைக் காட்டும், உங்களை ஏர்போர்ட்டில் சேர்க்காது.

வந்து இறங்கினால் டாக்ஸி பிடிக்க ஏன் கார் நிறுத்துமிடம் வரை நடக்கவிடுகிறார்கள்? என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது.
– வாசகி, நங்கநல்லூர்

செயலி டாக்ஸிகள் அங்கே நின்றுதான் ஏற்ற வேண்டும் என்று ஏற்பாடு. வாசலில் எல்லாரும் நின்றால் நெரிசல் என்பது அவர்கள் காரணம். காரணம் சரிதான், வயதானவர்களுக்கு அது தண்டனை என்பதும் சரிதான். மாமியாருக்குச் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே சொல்லி வாங்கிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். பேட்டரி வண்டி கண்ணில் பட்டால் கை காட்டி நிறுத்துங்கள்.

நங்கநல்லூர்க்காரருக்கு டாக்ஸியே வேண்டியதில்லையே! மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிலையம் நங்கநல்லூர் சாலை. அங்கே இறங்கினால் ஆட்டோ. குறைந்த தூரம் என்று சலித்துக்கொள்கிற ஏர்போர்ட் டாக்ஸிக்காரரோடு மல்லுக்கட்டாமல் வீடு போய்ச் சேரலாம். வேறு ஊர்க்காரர்களுக்கும் இதையே சொல்வேன்: கிண்டி, ஆலந்தூர் வரை மெட்ரோவில் வெளியே வந்துவிட்டு அங்கிருந்து வண்டி தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

பரந்தூர் விமான நிலையம் வந்தால் இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்துவிடும் அல்லவா?
– வாசகர், காஞ்சிபுரம்

உங்களுக்குத் தீரும், பக்கத்து ஊர். தாம்பரத்துக்காரருக்குப் புதுசாகத் தொடங்கும். 2022-இல் அறிவித்தார்கள், ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்து நிலத்தை விட மாட்டோம் என்று போராடுகிறார்கள். அவர்கள் ஏரியும் வயலும் போகும் கவலையில் இருக்கும்போது, எனக்கு ஏர்போர்ட் பக்கமா தூரமா என்று பேச வாய் வரவில்லை. ஒன்று மட்டும்: நகரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் இடத்துக்கு முதல் நாளே ரயில் ஓட வேண்டும். விமானம் வந்து பத்து வருஷம் கழித்து மெட்ரோ வருவது என்றால், இந்தப் பகுதிக்கு அப்போது இன்னும் நீளமான கேள்விகள் வரும்.

ஏர்போர்ட்டில் சினிமா தியேட்டர் இருக்கிறதாமே? மூன்று மணி நேரம் முன்னால் போகச் சொல்கிறீர்கள், அந்த நேரத்தில் ஒரு படம் பார்க்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

இருக்கிறது. அடுக்குமாடி கார் நிறுத்தத்தோடு சேர்ந்த வளாகத்தில், ஐந்து திரை, 2023-இல் திறந்தார்கள். ஆனால் அது முனையத்துக்கு வெளியே. படம் பார்த்துவிட்டு வந்து பெட்டி போட்டு, பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். வழியனுப்ப வந்தவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். பயணி நீங்கள் என்றால் இடைவேளையோடு எழுந்து வரத் தயாராக டிக்கெட் எடுங்கள். ஓரத்து சீட்டாகக் கேளுங்கள்.